வயிற்றில் ஒரு வாசல்

1906-ஆம் ஆண்டு லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் தம்முடைய பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். மலக்குடல் புற்றுநோய்க்காக அதுவரை 57 பேருக்கு அவர் அறுவை செய்திருந்தார். எல்லாமே அன்றைய வழக்கப்படி கீழிருந்து, ஆசனவாய்ப் பக்கமாகத் திறந்து கட்டியை வெட்டி எடுக்கும் அறுவை. அந்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பி வந்திருந்தது. ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மைல்ஸ் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. இறந்தவர்களின் உடலைத் திறந்து, நோய் எங்கெங்கே மீண்டும் முளைத்திருக்கிறது என்று பார்த்தார். இடுப்புக்குழியின் சவ்விலும், குடலைத் தாங்கும் மடிப்பிலும், இரத்தக்குழாய்களை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளிலும் அது இருந்தது. கீழிருந்து எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் கத்தி அங்கே எட்டாது. எனவே வயிற்றையும் கீழ்ப்பக்கத்தையும் சேர்த்துத் திறந்து, மலக்குடலையும் சுற்றியுள்ள திசுவையும் மொத்தமாக எடுக்கும் முறையை வகுத்தார். 1908 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் அதை வெளியிட்டார். முதல் 12 பேரில் 5 பேர் அறுவையைத் தாண்டவில்லை. ஆனால் 1923-இல் அவர் மீண்டும் கணக்குக் காட்டியபோது, 95 சதவீதமாக இருந்த மறுவரவு 29.5 சதவீதமாகக் குறைந்திருந்தது.

பிழைத்தவர்கள் அதற்கு ஒரு விலை கொடுத்தார்கள். ஆசனவாய் போய்விட்டதால், இடது அடிவயிற்றில் துளையிட்டுப் பெருங்குடலின் நுனியை வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனி ஆயுள் முழுக்க மலம் அந்த வழியாகத்தான். அடக்கிவைக்க அங்கே தசை கிடையாது. எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. அதைப் பிடித்து வைக்க ஒழுங்கான பை ஒன்றுகூட 1908-இல் உலகத்தில் இல்லை.

முற்றிய குடல் புற்றிலிருந்து மீண்டவர்களின் வாழ்க்கை வரலாறு இந்த இடத்தில்தான் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ‘இன்னும் எத்தனை நாள்?’ என்ற கேள்வியை மருத்துவர்கள் கையில் எடுத்தார்கள். கத்தி, கதிர், மருந்து என்று அதற்கு விடை தேடினார்கள். ‘அந்த நாள்களை எப்படிக் கழிப்பது?’ என்ற கேள்வி வெகுகாலம் நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் செவிலியரிடமும் விடப்பட்டது. முதல் கேள்விக்கு விடை கண்டவர்கள் பாடநூல்களில் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை கண்டவர்களில் பலருடைய பெயர், அவர்கள் செய்ததைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கே தெரியாது.

தோல் பையில் தொடங்கியது

வயிற்றில் வாசல் திறக்கும் எண்ணம் மைல்ஸுக்கு இருநூறு ஆண்டு மூத்தது. 1710-இல் பாரிஸில் அலெக்சி லிட்ரே, குடல் வழி அடைபட்டுப் பிறந்து ஆறு நாளில் இறந்த ஒரு குழந்தையின் உடலை ஆய்ந்தார். குடலை வயிற்றின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து அங்கே ஒரு வழி செய்திருக்கலாமே என்று எழுதி வைத்தார். அதைச் செய்து பார்க்க அறுபது ஆண்டுக்கு மேல் யாரும் துணியவில்லை.

துணிந்தவர் ரூவான் நகரத்து மருத்துவர் பிலோர். 1776-இல், மலக்குடலில் புற்று அடைத்து வயிறு உப்பிப்போன மது வணிகர் ஒருவர் அவரிடம் வந்தார். எடையால் அடைப்பைத் தள்ளிவிடும் என்று நம்பி, அவருக்கு அதற்கு முன்பே இரண்டு பவுண்டு பாதரசம் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். பிலோர் வலப்பக்கத்தில் பெருங்குடலின் தொடக்கப் பகுதியைத் திறந்துவிட்டார். வயிறு இறங்கியது, வணிகர் தேறினார். ஆனால் 28-ஆம் நாள் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது பிலோர் இட்ட துளை நன்றாகவே இருந்தது. உள்ளே தங்கிய பாதரசம்தான் குடலை அழுகச் செய்திருந்தது. மருத்துவ வரலாற்றில் பதிவான, குடல் புற்றுக்காகத் திறக்கப்பட்ட முதல் வாசல் இது.

1793-இல் பிரெஸ்ட் துறைமுக நகரில் துய்ரே என்ற மருத்துவர், ஆசனவாய் இல்லாமல் பிறந்த பச்சிளங்குழந்தைக்கு இடது அடிவயிற்றில் வாசல் அமைத்தார். முன்னதாக, இறந்த குழந்தை ஒன்றின் உடலில் அதைச் செய்து பார்த்துக்கொண்டார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயதுவரை வாழ்ந்தது. அதே காலத்தில் வண்டிக் கம்பு குத்திக் குடல் கிழிந்த ஒரு விவசாயிக்கும் இப்படியே வாசல் வைத்தார்கள். இழுத்துக் கட்டும் கயிறு போட்ட சிறிய தோல் பையை அந்த மனிதர் வயிற்றோடு கட்டிக்கொண்டு காலம் தள்ளினார். பின்னாளில் பெரும் தொழிலாக வளரப்போகும் ஒன்றின் முதல் உருவம் அந்தத் தோல் பைதான்.

ஆனாலும் மருத்துவர்கள் தயங்கினார்கள். 1838-இல் பாரிஸின் பெரிய மருத்துவர் புரூசே, மலக்குடல் புற்றால் குடல் அடைபட்டு இறந்தார். அவருடைய நண்பர் அமுசா அந்தச் சாவைத் தாங்க முடியாமல், அதுவரை நடந்த இத்தகைய அறுவைகளை எல்லாம் தேடித் தொகுத்தார். மொத்தம் 29 தேறின. வயிற்றறைச் சவ்வைக் கிழித்தால் சீழ் பிடித்துச் சாவார்கள் என்பதால், 1839-இல் இடுப்பின் பின்புறமாக வாசல் திறக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்த பிறகுதான் வாசல் மீண்டும் முன்பக்கம், நோயாளியின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் இடத்துக்கு வந்தது.

ஓர் ஓவியரின் பதின்மூன்று ஆண்டு

மீண்டவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அக்காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் துலக்கமானது ஆன்றி மத்தீஸின் வாழ்க்கை. 1941 ஜனவரியில், 71 வயதில், குடலில் இருந்த புற்றுக்கட்டிக்காக அவருக்கு லியோன் நகரில் அறுவை நடந்தது. அதைத் தொடர்ந்து நுரையீரல் இரத்தக்குழாயில் அடைப்பு, பிறகு நோய்த்தொற்று என்று பல வாரம் சாவோடு போராடினார். அவரைக் கவனித்துக்கொண்ட கன்னியர், செத்துப் பிழைத்தவர் என்றே அவரை அழைத்தார்கள்.

வயிற்றுத் தசைகள் வலுவிழந்ததால் அவரால் வெகுநேரம் நிற்க முடியவில்லை. நின்று பெரிய திரையில் வரைந்த மனிதர் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி வேலை செய்யும் வழியைத் தேடினார். உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். அவர் கத்தரிக்கோலால் நேராக வண்ணத்தை வெட்டினார். 1947-இல் வந்த ‘ஜாஸ்’ தொகுப்பு அப்படிப் பிறந்தது. 1942-இல் அவருக்குச் செவிலியாக இருந்த மோனிக் புர்ஷுவா என்ற இளம்பெண் பிறகு துறவியானார். அந்த நட்பு வழியாகத்தான் வான்ஸ் ஊரின் சிற்றாலயத்தை மத்தீஸ் வடிவமைத்தார். 1951-இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. 1954 நவம்பரில் அவர் இறந்தது மாரடைப்பால்.

அறுவைக்குப் பிந்தைய காலத்தைத் தம் இரண்டாம் வாழ்வு என்று மத்தீஸ் சொல்லிவந்தார். அவருக்குப் பணமும் உதவியாளரும் இருந்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் இல்லத்தரசிக்கும் அந்த இரண்டாம் வாழ்வு எப்படி இருந்தது என்று யாராவது போய்க் கேட்க வேண்டியிருந்தது.

டியூக்ஸ் எடுத்த இரண்டு கணக்குகள்

கேட்டவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ். மூலம், பவுத்திரம், மலக்குடல் நோய் என்று வெட்கப்பட்டு மறைக்கப்படும் நோய்களுக்காகவே 1835-இல் ஃப்ரெடரிக் சால்மன் ஏழு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1922-இல் டியூக்ஸ் அங்கே நோய்க்கூறு ஆய்வாளராகச் சேர்ந்தார். வெட்டி எடுக்கப்பட்ட மலக்குடல்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எந்தெந்த முடிச்சுக்குப் போயிருக்கிறது என்று வரைந்து வைத்தார். நோயாளிகளுக்குப் பின்னால் என்ன ஆனது என்பதையும் தொடர்ந்து குறித்துவந்தார்.

1932-இல் அவர் வகுத்த பிரிவுகள் எளிமையானவை. குடல் சுவருக்குள் நின்றால் ‘ஏ’. சுவரைத் தாண்டினால் ‘பி’. நிணநீர் முடிச்சுக்குப் போய்விட்டால் ‘சி’. கல்லீரல் போன்ற தொலை உறுப்புக்குப் பரவியதை ‘டி’ என்று சேர்த்தது பின்வந்தவர்கள். இன்று நம் ஊரில் ‘மூணாவது ஸ்டேஜ்’, ‘நாலாவது ஸ்டேஜ்’ என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறோமே, அந்தப் படிகளுக்கு முன்னோடி டியூக்ஸின் மேசைதான்.

அவர் எடுத்த இன்னொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. நிரந்தர வாசலோடு வீடு திரும்பிய 100 பேர் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1947-இல் ‘லான்செட்’டில் எழுதினார். வெட்டிய உறுப்பைப் பார்த்தே வாழ்நாளைக் கணித்த மனிதர், அந்த உறுப்பை இழந்தவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று கேட்டது பெரிய திருப்பம். அதன் பிறகும் டியூக்ஸ் வாசல் வைத்தவர்களின் சங்கங்களுக்குத் துணை நின்றார்.

நியூயார்க்கில் 1951-இல் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் ‘க்யூ’ வார்டு ஆண்களும் ‘டி’ வார்டு பெண்களும் சேர்ந்து ‘க்யூ டி’ என்ற பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். அவர்களில் பலருக்கு வந்தது புற்று அல்ல, பெருங்குடல் அழற்சி. ஆனாலும் இரு சாராருக்கும் வயிற்றில் வாசல்தான். ஏற்கெனவே பழகிய ஒருவர், புதிதாக அறுவை முடிந்தவரின் கட்டிலருகே போய் உட்கார்ந்து பேசும் வழக்கம் இத்தகைய குழுக்களால் வேரூன்றியது. எதிரே நல்ல உடை உடுத்தி வந்து நிற்கிறவரின் வயிற்றிலும் அதே வாசல் இருக்கிறது என்று தெரியவந்த கணத்தில், எந்த மருத்துவரும் சொல்லிப் புரியவைக்க முடியாதது நோயாளிக்குப் புரிந்தது.

பை பிறந்த கதை

ஒட்டுப்பை வரும்வரை எதைக் கட்டிக்கொண்டார்கள்? பஞ்சு, பழந்துணி, மெழுகுத்துணி, தகரக் கிண்ணம், கனத்த ரப்பர் குடுவை, அதை இறுக்கிப் பிடிக்கும் வார். கசிவும் நாற்றமும் ஓயாது. குடல் நீர் பட்டுத் தோல் வெந்து புண்ணாகும். கோயில், கல்யாணம், வேலை என்று மனிதர் கூடும் இடங்களிலிருந்து ஒதுங்கிவிடுவார்கள். நோய் போயிருக்கும், ஆளும் வெளியுலகிலிருந்து போயிருப்பார்.

முதல் பெரிய மாற்றத்தை ஒரு நோயாளியே செய்தார். சிகாகோவில் ஆல்ஃபிரட் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவரிடம் அறுவை செய்துகொண்ட கோனிக், வேதியியல் மாணவர். தோலோடு ரப்பர் பசையால் ஒட்டிக்கொள்ளும் பையைத் தமக்காக அவர் உருவாக்கினார். 1940-களில் அது பிறருக்கும் விற்பனைக்கு வந்தது. வார் வேண்டாம், பை நழுவாது. ஆனால் பசை தோலைத் தின்றது.

தோலைக் காத்தது இந்தியக் காட்டு மரம் ஒன்றின் கோந்து. மத்திய இந்தியாவிலும் ஆந்திர மலைகளிலும் பாறைச் சரிவுகளில் வளரும் ஸ்டெர்குலியா மரத்தைக் கீறினால் வடியும் பிசினுக்குக் கராயா கோந்து என்று வணிகப் பெயர். மலைவாழ் மக்கள் சேகரித்து விற்கும் இந்தக் கோந்து, மேலை நாடுகளில் பொய்ப்பற்களை ஈறோடு ஒட்டவைக்கும் பொடியாகப் பயன்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், ஈரத்தில் சிந்திய அந்தப் பொடி இறுகி ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். வெந்த தோலின் மேல் தூவிப் பார்த்தார். ஈரத்தை உறிஞ்சி, தோலுக்கும் மலத்துக்கும் நடுவே அது கூழ்போல் படர்ந்து நின்றது, புண் ஆறியது. வாசலைச் சுற்றி வைக்கும் கராயா வளையங்கள் அதிலிருந்து வந்தன. ஆந்திரக் காட்டில் மரம் கீறியவருக்கும் ஓஹையோவில் வலி தணிந்தவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

டர்ன்புல்லின் நோயாளிகளில் ஒருவர் நார்மா கில். பெருங்குடல் அழற்சியால் சாவின் விளிம்புவரை போய், 1954-இல் அறுவைக்குப் பின் மீண்டவர். உடல் தேறியதும் மற்ற நோயாளிகளுக்கு உதவத் தொடங்கினார். 1958-இல் டர்ன்புல் அவரை வேலைக்கே அமர்த்திக்கொண்டார். செவிலியர் பட்டம் இல்லாத அந்தப் பெண்மணி இத்துறையில் உலகின் முதல் தொழில்முறைப் பராமரிப்பாளர் ஆனார். 1961-இல் அங்கே இதற்கென்று பயிற்சிப் பள்ளி உருவானது. வாசலை எங்கே வைப்பது என்பதை அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவும் நிற்கவும் குனியவும் வைத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்ற நடைமுறை இந்தத் தொழிலின் உயிர்நாடி. நம் ஊர்ச் செவிலியருக்கு அதில் இன்னும் நுணுக்கம் வேண்டும். பாவாடை நாடாவும் வேட்டி முடிச்சும் விழும் இடம், தரையில் சம்மணம் போடும்போது மடியும் தோல், குந்தி உட்காரும்போது தொடை முட்டும் இடம் ஆகிய மூன்றையும் தவிர்த்துப் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளி வைத்த ஒரு வாசலால் ஆயுள் முழுக்கப் பை கசிந்துகொண்டிருக்கும்.

இன்று பெரும்பாலோர் அணியும் மெல்லிய ஒட்டுப்பைக்கு மூலவர் டென்மார்க் செவிலியர் எலிசே சோரன்சன். 1954-இல் அவருடைய தங்கை தோராவுக்கு 32 வயது. குடல் புற்றுக்காக அறுவை நடந்து வயிற்றில் வாசல் வைத்திருந்தார்கள். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தோரா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். தங்கையின் நிலையைப் பார்த்த எலிசே, தோலில் ஒட்டும் பசை வளையத்தோடு கூடிய, பயன்படுத்தி எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் பையை மனத்தில் வடித்தார். உற்பத்தியாளர்கள் கைவிரித்தார்கள். பிளாஸ்டிக் ஆலை நடத்திய ஓகே லூயி ஹான்சனும் முதலில் மறுத்தார். அவருடைய மனைவி யோஹானே செவிலியராகப் பயின்றவர். இது என்ன வித்தியாசத்தை உண்டாக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணவரை இணங்க வைத்தார். முதலில் ஆயிரம் பைகள் தயாராயின. 1957-இல் கோலோபிளாஸ்ட் என்ற நிறுவனமே அதிலிருந்து எழுந்தது.

கோனிக், நார்மா, எலிசே, யோஹானே. ஒருவர் மாணவர், ஒருவர் நோயாளி, இருவர் செவிலியர். புற்றைக் குணமாக்கும் மருந்து எதையும் இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. குணமானவர் பேருந்தில் ஏறவும், அலுவலகம் போகவும், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளவும் முடிவது இவர்களால்.

அடையாறுக்கு வந்த வழி

சென்னையில் இந்த நோயின் வரலாறு ஒரு சாவில் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றால் 1923-இல் இறந்தார். தொடக்கத்தில் அதைச் சீதபேதி என்று எண்ணி வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மைல்ஸ் தம் 29.5 சதவீதக் கணக்கை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1925-இல் லண்டன் சென்ற முத்துலட்சுமி, அங்கே ராயல் கேன்சர் மருத்துவமனையில் புற்றுச் சிகிச்சையை நேரில் கண்டார். மைல்ஸ் பணியாற்றிய மருத்துவமனை அது. இதேபோன்ற ஒன்று சென்னையிலும் வேண்டும் என்ற உறுதியோடு திரும்பினார்.

அதற்கு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. புற்று வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அவருக்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அரசிலும் மக்களிடமும் ஊறிக்கிடந்தது. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டி, 1952-இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். எலிசே தங்கைக்காகப் பையை யோசித்ததும், இன்னொரு தங்கையின் நினைவில் எழுந்த மருத்துவமனை கதவு திறந்ததும் ஒரே ஆண்டு. வாசல் வைத்தவர்களுக்கான இந்திய சங்கம் மும்பையில் 1975-இல் உருவானது.

சீதபேதி என்று நினைத்த தவறு நூறாண்டு கழித்தும் ஓயவில்லை. இரத்தம் போனால் ‘மூலமாத்தான் இருக்கும்’ என்று கை வைத்தியத்தில் மாதங்களைக் கழிப்பவர்கள் இன்றும் ஏராளம். மூன்றாம், நான்காம் நிலையில் வந்து சேர்வதற்கு அந்த மாதங்களும் ஒரு காரணம்.

மருந்தும் கல்லீரலும்

நிணநீர் முடிச்சுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்ட நோயை வெறும் கத்தியால் துரத்த முடியாது. 1957-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பெர்கர் ஃபுளோரோயுராசில் என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார். புற்றுச் செல்கள் யுராசில் என்ற பொருளை மற்ற செல்களைவிட ஆவலாக உறிஞ்சுகின்றன என்று எலிகளில் கண்டிருந்தார்கள். அதே பொருளில் ஒரு ஃபுளோரின் அணுவைப் பொருத்தி, செல்லின் பெருக்கத்தை முடக்கும் மருந்தாக அவர் மாற்றினார். இன்றும் குடல் புற்றுக் கீமோவின் அடித்தளம் அதுதான். 1990-இல் மேயோ கிளினிக்கின் சார்லஸ் மோர்டெல், மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் இம்மருந்தை லெவாமிசோல் என்ற வயிற்றுப் பூச்சி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் மறுவரவு 41 சதவீதம் குறைகிறது என்று நிறுவினார். கண்ணுக்குக் கட்டி எதுவும் தெரியாத நிலையிலும் மருந்து ஏற்றிக்கொள்ளும் வழக்கம் அப்போது நிலைபெற்றது.

1976-இல் நாகோயாவில் யோஷினோரி கிடானி உருவாக்கிய ஆக்சாலிபிளாட்டின், பாரிஸ் மருத்துவர்களின் கையில் ஃபுளோரோயுராசிலோடு சேர்ந்து இன்றைய ‘ஃபோல்ஃபாக்ஸ்’ ஆனது. வாழ்நாளை நீட்டிய அதே மருந்து இன்னொன்றையும் தந்தது: குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும், சட்டைப் பொத்தான் போட வராது, பாதம் மரத்துச் செருப்பு நழுவுவதுகூடத் தெரியாது. கீமோ முடிந்து சில மாதங்களில் பலருக்கு இது குறைகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்குகிறது.

நான்காம் நிலையின் வரலாறு கல்லீரலில் நடந்தது. குடலின் இரத்தம் நேராகப் போய்ச் சேரும் இடம் கல்லீரல் என்பதால் புற்றும் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போகிறது. 1952-இல் பாரிஸில் லோர்தா-ஜாகோப் கல்லீரலின் வலப்பாதியை முறைப்படி வெட்டி எடுத்துக் காட்டினார். 1957-இல் குயினோ, கல்லீரல் எட்டுத் தனிக் கூறுகளால் ஆனது என்று வரைந்தார். எந்தக் கூறை எடுத்தாலும் மற்றவை இயங்கும்; மிஞ்சியது வளர்ந்து இடத்தை நிரப்பும். ஆனாலும் பரவிய நோயை வெட்டுவது வீண் என்றே பலர் நம்பினார்கள். 1988-இல் 24 மருத்துவமனைகளின் 859 நோயாளிகளைத் தொகுத்த பதிவேடு, கல்லீரல் கட்டி நீக்கப்பட்டவர்களில் 33 சதவீதம் பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள் என்று காட்டிய பிறகே மனங்கள் மாறின.

1996-இல் பாரிஸை அடுத்த வில்ஜுயிஃப் மருத்துவர் ஆன்றி பிஸ்மூத் இன்னொரு கதவைத் திறந்தார். வெட்டவே முடியாது என்று கைவிடப்பட்ட 330 பேருக்குக் கீமோ கொடுத்தார்கள். அவர்களில் 53 பேருக்குக் கட்டி சுருங்கி, வெட்டும் நிலைக்கு வந்தது. அந்த 53 பேரின் ஐந்தாண்டு வாழ்வு விகிதம் 40 சதவீதம். 2007-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வு இன்னும் தொலைவு பார்த்தது. கல்லீரல் அறுவை முடிந்த 612 பேரில் 102 பேர் பத்தாண்டைக் கடந்திருந்தார்கள். அந்த எல்லையைக் கடந்தவர்களுக்கு நோய் திரும்புவது மிக அரிது. நான்காம் நிலையிலும் குணம் என்ற சொல்லை மருத்துவர்கள் எழுத்தில் பயன்படுத்தத் துணிந்தது இத்தகைய எண்களின் பலத்தில்தான். அதே எண்கள், ஐந்தாண்டு தாண்டியவர்களிலும் மூன்றில் ஒருவர் பின்னால் இந்நோயாலேயே இறந்தார் என்றும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

செக்கப்புக்கு முந்தைய வாரம்

1965-இல் மாண்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் குடல் புற்றுக் கட்டியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுவே இன்று இரத்தத்தில் பார்க்கும் ‘சி.இ.ஏ.’ சிகிச்சை முடிந்து வீட்டில் இருப்பவரின் நாள்காட்டியை இந்தப் பரிசோதனைதான் வகுக்கிறது. முதல் ஆண்டுகளில் சில மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், இடையிடையே ஸ்கேன், சில ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி. எண் ஒரு புள்ளி ஏறினாலும் குடும்பமே உறக்கம் இழக்கிறது. செக்கப்புக்கு முந்தைய வாரம் சாதாரண வயிற்றுவலிகூடச் சாதாரணமாக இருப்பதில்லை.

இந்த நிலைக்கு மருத்துவ மொழியில் இடம் பெற்றுத் தந்தவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன். அமெரிக்க மருத்துவரான அவருக்கு 32 வயதில் நெஞ்சில் புற்று வந்தது. 1985-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, பிழைத்தலை மூன்று பருவமாகப் பிரித்தது: சிகிச்சை நடக்கும் காலம், அது முடிந்து திரும்புமோ என்ற அச்சத்தோடு காத்திருக்கும் காலம், நோய் போய்விட்டது என்று ஏறக்குறைய நம்பத்தக்க காலம். சிகிச்சை முடிந்ததும் நோயாளியை வாசலில் விட்டுவிட்டு மருத்துவம் திரும்பிவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. மறு ஆண்டே, பிழைத்தவர்களுக்கான தேசியக் கூட்டமைப்பு அமெரிக்காவில் உருவானது. முல்லன் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

அறுவையும் இதற்குள் மாறியிருந்தது. 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து மருத்துவர் பில் ஹீல்ட், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையை அதன் இயல்பான எல்லையில் சிதையாமல் எடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று எழுதினார். வட்டவடிவ ஸ்டேப்ளர் கருவி வந்ததால், மிகத் தாழ்வான இடத்திலும் குடலை மீண்டும் இணைக்க முடிந்தது. நிரந்தர வாசல் தேவைப்படுவோர் குறைந்தார்கள். பலருக்குச் சில மாதம் மட்டும் தற்காலிகப் பை. ஆனால் பை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பிப் போனவர்களில் பலர், ஒரு நாளில் பத்துத் தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருப்பதை வெளியே சொல்லக் கூசினார்கள். 2012-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஐந்தே கேள்விகள் கொண்ட மதிப்பெண் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். காற்றை அடக்க முடிகிறதா, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா என்பன போன்ற கேள்விகள். நோயாளி தன்னோடு மட்டும் வைத்துக்கொண்ட துன்பம் அதன் வழியாக மருத்துவக் கோப்புக்குள் வந்தது.

இரண்டு கேள்விகளும் சேர்ந்த இடம்

2025 ஜூனில் வெளியான ஓர் ஆய்வு, நூறாண்டாகத் தனித்தனியே நடந்த இரண்டு தேடல்களையும் ஒன்றாக்கியது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று 2009-இல் தொடங்கிய ‘சேலஞ்ச்’ ஆய்வு அது. பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர் அதில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் மூன்றாம் நிலையினர். ஒரு பாதியினருக்கு உடற்பயிற்சி பற்றிய கையேடு கொடுத்தார்கள். மறுபாதியினருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு பயிற்சியாளரையே துணையாகக் கொடுத்தார்கள். கடினமான பயிற்சி எதுவுமில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தாலே இலக்கை எட்டிவிடலாம். ஐந்தாண்டு முடிவில் கையேட்டுக் குழுவில் 73.9 சதவீதம் பேரும், பயிற்சியாளர் குழுவில் 80.3 சதவீதம் பேரும் நோயின்றி உயிரோடு இருந்தார்கள். எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 83.2, 90.3 சதவீதம். புதிய மருந்து ஒன்று இந்த அளவு பலன் காட்டினால் உலகம் அதைக் கொண்டாடும்.

அன்றாடம் எப்படி வாழ்கிறார் என்பது, எத்தனை நாள் வாழ்கிறார் என்பதையே மாற்றுகிறது என்று இப்போது எண்களால் சொல்ல முடிகிறது. அப்படியானால் நார்மா கில் செய்த வேலையைச் சிகிச்சைக்குப் பிந்தைய உபகாரம் என்று ஒதுக்க முடியாது. நடக்க வேண்டியவருக்குக் கசியாத பை வேண்டும். மரத்த பாதத்துக்கு ஏற்ற செருப்பும், விழாமல் நடக்கக் கற்றுத்தரும் ஆளும் வேண்டும். ஓடிப்போய்ச் சேர வழியில் சுத்தமான கழிப்பறை வேண்டும். கீமோ முடிந்த அன்று ‘மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று எழுதித் தரும் சீட்டில், வயிற்று வாசலைக் கவனிக்கும் ஸ்டோமா செவிலியரின் பெயரும் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டிய நாளும் சேர்ந்து இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் புற்றுநோய்ப் பிரிவுகள் விரியும் இந்தக் காலத்தில், எத்தனை கதிர்வீச்சுக் கருவிகள் என்று கேட்கும் அதே மூச்சில் எத்தனை ஸ்டோமா செவிலியர்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தப் பணியிடங்களை உருவாக்குவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.